கூலிக் கணக்கிலிருந்து நாடாளுமன்றம் வரை: மக்கள் இயக்கம் சட்டமாக மாறும் வழி, படிப்படியாக

இயக்கம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியே முதலில் கவலைப்படுகிறார்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நாள் உட்காருவார்கள், செய்தியாளர்கள் எட்டிப் பார்ப்பார்களா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இவை தேவையான கவலைகள்தாம் என்றாலும், அவற்றுக்கு முன்பாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நாம் கேட்டது கிடைத்துவிட்டதா இல்லையா என்பதை ஒரு கூலித் தொழிலாளியே நேரில் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? அப்படிச் சொல்ல முடிகிற கோரிக்கையைக் கண்டடைவதே பாதி வேலை என்பது என் கருத்து. அந்தக் கருத்தை ஒரே ஓர் இயக்கத்தின் வரலாற்றைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

1990 மே 1 அன்று, ராஜஸ்தானின் பீம் என்ற சிறு நகரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கப்பட்டது; தொழிலாளர் உழவர் சக்திச் சங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். வறட்சி நிவாரண வேலைகளில் கூலி குறைவாகக் கிடைக்கிறது என்ற உள்ளூர்க் குறையில் தொடங்கிய அந்த முயற்சி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் உருவாவதற்கு முக்கியக் காரணமாக அமைந்தது. சில நாள்களில் வெடித்து அடங்கிய பெரும் போராட்டங்களைவிட, நீண்ட காலம் இழுத்துக்கொண்டு போன இந்தப் போராட்டத்தில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிவதால், கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

முதல் படி: ஊரோடு இருத்தல்

சென்னையில் பிறந்து, 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975-இல் அதிலிருந்து விலகிய அருணா ராயும், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987-இல் தேவ்டூங்ரி என்ற கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். சங்கம் பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான். அந்த மூன்று ஆண்டுகளிலும் அவர்கள் எந்தத் திட்டத்தையும் ஊருக்குக் கொண்டுவரவில்லை. ஊர்க்காரர்களைப் போலவே வாழ்ந்து, எதைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தார்கள்.

பணத்தைப் பற்றி எடுத்த முடிவும் இந்தப் படியைச் சேர்ந்ததே. சங்கம் நிறுவன நிதியையும் வெளிநாட்டு நிதியையும் வாங்குவதில்லை என்றும், முழுநேர ஊழியர்கள் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி அளவுக்கே ஊதியம் பெறுவது என்றும் முடிவு செய்தார்கள். பிறருடைய கணக்கைக் கேட்கப் போகிற அமைப்பிடம் அவர்கள் முதலில் திருப்பிக் கேட்பது உன் கணக்கு என்ன என்பதைத்தான். பல நல்ல முயற்சிகள் இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாமல் சாய்ந்திருக்கின்றன. ஆகவே இயக்கம் தொடங்கும் நாளிலேயே வரவு செலவுக் குறிப்பேடு ஒன்றைத் திறந்து, கேட்பவர் யாராக இருந்தாலும் காட்டுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: குறையைக் காகிதமாக மாற்றுதல்

வறட்சிக் காலத்தில் அரசு நடத்திய குளம் வெட்டும் வேலைக்கும் சாலை போடும் வேலைக்கும் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. நிவாரண வேலை என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று, ராஜஸ்தானைச் சேர்ந்த வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு இருந்தும் கூலி வரவில்லை. சங்கத்தினர் 1990-இலும் 1991-இலும் பீம் நகரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வாக்குறுதிகள் கிடைத்தன; ஆனால் அடுத்த வேலைத்தளத்தில் பழைய கதையே தொடர்ந்தது.

இந்தத் தோல்வியை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதில்தான் இயக்கத்தின் திருப்பம் இருக்கிறது. உண்ணாவிரதம் எதிரில் இருப்பவரின் மனச்சாட்சியை நம்பி நடக்கும் முறை என்பதால், அவர் மனம் இளகும்போது ஒரு முறை பயன் கிடைக்கிறது, ஆனால் ஏமாற்றும் வழி அடைபடுவதில்லை. நீங்கள் முழு வேலை செய்யவில்லை, அதனால்தான் கூலி குறைந்தது என்று ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் சொன்னார்கள். எவ்வளவு வேலை நடந்தது என்பதற்கான சான்று அலுவலகப் பீரோவில் இருந்த பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அது அரசு ரகசியம் என்று பதில் வந்தது. ஆங்கிலேயர் 1923-இல் இயற்றிய அலுவல்முறை ரகசியச் சட்டத்தின் நிழல் ஒரு குளத்தங்கரை வரைக்கும் நீண்டிருந்தது.

அந்த இடத்தில் கோரிக்கை மாறியது. நியாயமான கூலி வேண்டும் என்பது எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகக்கூடிய கோரிக்கை. வருகைப் பதிவேடு, செலவுச் சீட்டு, வேலை அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்பதோ கொடுத்தாயா இல்லையா என்று மட்டுமே விடை சொல்ல இடம் தருவது. மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்பதை ஊரே ஊகித்துக்கொள்ளும் என்பதால், மறுப்பும்கூட இயக்கத்துக்குச் சாதகமாகவே முடிந்தது.

உங்கள் சிக்கலுக்கு இதைப் பொருத்திப் பார்க்க விரும்பினால், ஒரு தாளில் குறையை எழுதி, அதற்குக் கீழே அந்தக் குறை எந்த அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டில் தடம் விட்டிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். நியாயவிலைக் கடையில் சரக்கு இல்லை என்பது குறை. இருப்புப் பதிவேடும் விற்பனைப் பதிவேடும் அதன் தடங்கள். ஏரியில் அளவுக்கு மீறி மண் அள்ளுகிறார்கள் என்பது குறை. அனுமதி ஆணையும் அதில் குறித்த கன மீட்டர் அளவும் போக்குவரத்துச் சீட்டுகளும் அதன் தடங்கள். எந்தப் பதிவேட்டிலும் தடம் இல்லாத குறைகளும் உண்டு. சாதி இழிவும் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் பெரும்பாலும் அத்தகையவை. அவற்றுக்கு இந்த வழி பாதிதான் உதவும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: பொதுவில் வாசித்தல்

சட்டம் இல்லாத காலத்தில் நகல்கள் எப்படிக் கிடைத்தன? பெரும்பாலும் கிடைக்கவில்லை. மனச்சாட்சியுள்ள அதிகாரிகள் சிலர் பதிவேடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள், அதுவே தொடக்கமாயிற்று. அரசு என்பது ஒரே முகம் கொண்டதன்று என்பதைப் போராடுபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்களாக எல்லோரையும் சேர்த்துத் திட்டும் இயக்கத்துக்கு இப்படிப்பட்ட கதவுகள் திறப்பதில்லை.

1994 டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டத்தின் கோட் கிரானா ஊராட்சியில் முதல் ஜன் சுன்வாய் நடந்தது. மக்கள் விசாரணை என்று பொருள்படும் அந்தக் கூட்டம் வெளிப்பார்வைக்கு ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி, கையில் சில தாள்கள் என்ற அளவுக்கு எளியது. ஆனால் அதற்கு முன்பு நடந்த உழைப்பு எளியதன்று. கிடைத்த பதிவேடுகளை ஊர்வாரியாகவும் வேலைவாரியாகவும் பிரித்தார்கள். பிறகு வீடு வீடாகப் போய், இந்த வேலையில் இத்தனை நாள் உங்கள் பெயர் இருக்கிறது, இவ்வளவு கூலி வாங்கியதாகக் கைநாட்டு இருக்கிறது, உண்மையா என்று கேட்டார்கள். இறந்துபோனவர்களின் பெயர்களும், பிழைப்புக்காக ஊரைவிட்டே போய்விட்டவர்களின் பெயர்களும் பட்டியலில் வேலை செய்துகொண்டிருந்தன. கட்டி முடிக்கப்படாத கட்டடங்கள் கணக்கில் முடிந்திருந்தன.

கூட்ட நாளில் ஒவ்வொரு பதிவும் சத்தமாக வாசிக்கப்பட்டது. பெயருக்குரியவர் எழுந்து வந்து தான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று ஊரார் முன்னிலையில் சொன்னார். எழுத்தறியாதவர்களுக்கும் அந்த ஆவணம் அன்றுதான் முதன்முறையாகத் திறந்தது. காதால் கேட்டே அவர்கள் கணக்கைச் சரிபார்த்தார்கள். வெளியூர் வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், கல்வியாளர்கள் ஆகியோர் கொண்ட நடுவர் குழு மேடையில் அமர்ந்தது. குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்களுக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது, பதில் சொல்ல நேரம் ஒதுக்கப்பட்டது. இந்தக் கடைசி ஏற்பாட்டை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்த் தரப்புக்கு இருக்கை போடாத விசாரணையைப் பழிவாங்கும் கூட்டம் என்று எளிதாக ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள்.

அடுத்த சில மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. கிராம சேவகர்கள் பதிவேடுகளைக் கொடுக்க மறுத்துப் போராடிய நிகழ்வுகளும் உண்டு. பின்னாளில் நடந்த விசாரணைகளுக்குப் பிறகு ஊராட்சித் தலைவர்கள் சிலர் கையாடிய பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள்.

இப்படி ஒரு கூட்டத்தை நடத்த விரும்புபவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள் சொல்வேன். வீட்டுக்கு வீடு சரிபார்க்காத எந்தப் பதிவையும் மேடையில் வாசிக்காதீர்கள். நூறு பதிவுகளில் ஒன்று தவறானாலும் மற்றத் தொண்ணூற்றொன்பதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் கூட்டத்துக்கு முந்திய இரவில் மிரட்டப்படலாம் என்பதால், அன்று அவருடைய வீட்டுப் பக்கம் ஆள் இருக்க வேண்டும். கையாடலில் சிறு பங்கு வாங்கியவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராகவும் யாருக்காவது உறவினராகவும் இருப்பார். பெரும் பங்கு மேலே போயிருக்கும். கீழே இருப்பவரோடு கோபம் நின்றுவிடாதபடி கூட்டத்தை நடத்துவது தனித் திறமை.

நான்காம் படி: ஊரிலிருந்து நகரத்துக்கு

1995 ஏப்ரலில், ஊராட்சி வேலைகளின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம் என்று முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் ஆண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று, அந்த அறிவிப்பின் ஆண்டு நிறைவை ஒட்டி, பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் சங்கத்தினர் தர்ணாவில் அமர்ந்தார்கள். நாற்பது நாள் நீடித்த அந்தத் தர்ணா மக்களவைத் தேர்தல் பரபரப்புக்கு நடுவே நடந்தது.

கிராமத்துக் குடும்பங்கள் முறைவைத்து ஆள் அனுப்பின, வீட்டுக்கு வீடு தானியம் கொடுத்தன. பியாவர் ஒரு வணிக நகரம். அங்குள்ள கடைக்காரர்கள், தொழிற்சங்கத்தினர், காய்கறி வியாபாரிகள் ஆகியோர் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு உணவும் பணமும் தந்தார்கள். கூலிக்காரர்களின் போராட்டம் என்பது எங்கள் பணத்துக்கு எங்களுக்குக் கணக்கு வேண்டும் என்ற முழக்கமாக மாறியபோது, வரி கட்டும் நகரத்துக்காரருக்கும் அதில் இடம் கிடைத்தது. நான்காம் வகுப்பு வரை மட்டுமே படித்த ஒரு பெண் அந்த நாள்களில் செய்தியாளர்களிடம் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பிய மகனிடம் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகச் செலவு செய்யும் அரசிடம் கேட்கக் கூடாதா? எந்தச் சட்ட நூலும் இதைவிடத் தெளிவாக அந்த உரிமையை விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

தர்ணாப் பந்தல் சோர்ந்துபோகும் இடமும்கூட. நாற்பது நாள் ஒரே முழக்கத்தை எழுப்பிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. சங்கர் சிங்கின் பொம்மலாட்டமும் பாட்டும் அந்தச் சோர்வைப் போக்கின. எந்தக் கட்சியின் மேடையாகவும் மாறாமல், எல்லாக் கட்சிக்காரர்களையும் பேச அழைத்ததால் தேர்தல் காலத்திலும் பந்தல் உடையவில்லை.

1997-இல் ஜெய்ப்பூரில் நடந்த அடுத்த தர்ணா 53 நாள் நீடித்தது. அதன் முடிவில் ஒரு வேடிக்கை காத்திருந்தது. நகல் பெறும் உரிமையை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோம் என்று அரசு சொன்னது. தகவல் உரிமையைப் பற்றிய அறிவிக்கையே யாருக்கும் தகவல் இல்லாமல் வெளியாகியிருந்தது.

ஐந்தாம் படி: சட்டத்தை நாமே எழுதுதல்

அறிவிக்கையை ஓர் அரசு கொடுக்கலாம், அடுத்த அரசு எடுக்கலாம். ஆகவே சட்டம் தேவைப்பட்டது. 1996-இல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரசார அமைப்பு உருவானது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் இருந்த இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணையோடு ஒரு சட்ட வரைவு எழுதப்பட்டது. அறியும் உரிமை பேச்சுரிமையில் அடங்கியது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1975-இல் ராஜ் நாராயண் வழக்கிலும், அதன் பின்னர் எஸ்.பி. குப்தா வழக்கிலும் வெளியிட்டிருந்தது. ஆனால் நீதிமன்றம் கொள்கையைச் சொல்லுமே தவிர, எத்தனை நாளில், யார், எவ்வளவு கட்டணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லாது. அந்த விவரங்களை இயக்கமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

விவரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. ஆனால் அந்தச் சட்டத்தைக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தவர்கள் இங்கே அதிகம் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளோடு வந்த அந்தச் சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. மத்திய அரசு 2002-இல் கொண்டுவந்த தகவல் சுதந்திரச் சட்டமோ குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கே வரவில்லை. இந்த இரண்டு அனுபவங்களும் தண்டப் பிரிவு, சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு, சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை இயக்கத்துக்குக் கற்பித்தன.

2004-இல் ஆட்சி மாறியதும் அருணா ராய் மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசிய ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். எட்டு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வரைவு கையில் தயாராக இருந்தது. மசோதாவை மக்களவை 2005 மே 11 அன்றும் மாநிலங்களவை மே 12 அன்றும் நிறைவேற்றின. அக்டோபர் 12 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாய்ப்பு எப்போது வரும் என்பதை எந்த இயக்கமும் முடிவு செய்ய முடியாது. வாய்ப்பு வரும் நாளில் முடிந்த வரைவு மேசையில் இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கையில் இருக்கிறது.

ஆறாம் படி: கிடைத்ததைப் புழங்குதல்

புழங்காத உரிமை துருப்பிடித்துவிடும் என்பதால், சட்டத்தின் வேலைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுத வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கும் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கும் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர் அல்லது தனிநபர் சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்தில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடும், அதன் பின்னர் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மனு எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, ஏன் சாலை போடவில்லை என்று விளக்கம் கேட்பது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் உருவாக்கித் தரும் கடமை அலுவலருக்கு இல்லை. இருக்கும் ஆவணத்தைத் தரும் கடமைதான் உண்டு. ஆகவே இன்ன நிதியாண்டில் இன்ன தெருவுக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய விவரம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூடச் சட்டம் இடம் தருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கிடைத்த நகலை எங்கே வாசிப்பது? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. கோட் கிரானாவில் பந்தல் போட்டுச் செய்ததை இங்கே ஏற்கனவே இருக்கும் ஒரு கூட்டத்திலேயே செய்யலாம். 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பிரிவு 17 சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. மக்கள் விசாரணை என்ற சட்டப்பூர்வமற்ற ஒரு பழக்கம் பதினொரு ஆண்டுகளில் சட்டப் பிரிவாகவே மாறிய கதை அது.

ஏழாம் படி: கிடைத்ததைக் காத்தல்

புனே அருகே சதீஷ் ஷெட்டியும் அகமதாபாத்தில் அமித் ஜேத்வாவும் 2010-இல் கொல்லப்பட்டார்கள். இருவரும் தகவல் உரிமை மனுக்களைக் கொண்டு முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர்கள். தனி ஒருவர் பெயரில் மனு போய்க்கொண்டிருந்தால் ஆபத்தும் அவர் ஒருவர் மேலேயே குவிகிறது. ஆகவே ஒரே தகவலைப் பல ஊர்களிலிருந்து பலர் தனித்தனியாகக் கேட்பதும், பதில் வந்த உடனேயே அதைப் பலரிடம் பரப்பிவிடுவதும் பாதுகாப்பான பழக்கங்கள். முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களைக் காக்க 2014-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலேயே கிடக்கிறது.

சட்டத்தின் மேலும் கை வைக்கப்பட்டிருக்கிறது. 2019-இல் வந்த திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசு தீர்மானிக்கும்படி மாற்றியது. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)யைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பதை எளிதாக்கியது. வருகைப் பதிவேட்டில் இருப்பவை மனிதர்களின் பெயர்கள்தாம் என்பதை எண்ணிப் பார்த்தால், கோட் கிரானாவில் வாசித்ததை இனி வாசிக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது.

ராஜஸ்தானில் இயக்கம் இன்னொரு பக்கமும் நகர்ந்திருக்கிறது. தகவல் கையில் கிடைத்து, தவறு நடந்தது உறுதியான பிறகும் புகார் மனு மேசை மேசையாகச் சுற்றுகிறது என்பதே இப்போது அவர்கள் கண்டடைந்த குறை. 2015 டிசம்பரில் தொடங்கி மாநிலத்தின் மாவட்டங்கள் முழுவதும் நூறு நாள் நடந்த ஜவாப்தேஹி யாத்திரை, பொறுப்புக்கூறல் சட்டம் ஒன்றைக் கேட்டது. அந்தக் கோரிக்கையின் மையத்திலும் ஒரு காகிதமே இருக்கிறது. புகார் கொடுத்தவருக்குத் தேதியிட்ட ரசீது வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், பதில் தராத அலுவலருக்குத் தண்டம் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். சட்டம் இன்னும் வரவில்லை.